ஊசித் துளையும் உண்மைச் செலவும்

ஒரு பொருளுக்குக் கொடுக்கப்படும் விலை வேறு. அப்பொருளுக்கு ஆகும் செலவு வேறு. சந்தையில் காய்கறி வாங்குவோரும் இவ்வேறுபாட்டை ஓரளவு அறிவர். ஆனால் மருத்துவமனையின் கட்டணச் சீட்டைக் கையில் ஏந்தும்போது பெரும்பாலோர் இதனை மறந்துவிடுகின்றனர். சீட்டின் அடியில் உள்ள மொத்தத் தொகை ஒன்றே அவர்கள் கண்ணுக்குப் படுகிறது. அத்தொகை எவ்வெப் பகுதிகளால் ஆனது, அவற்றுள் நியாயமானது எது, தவிர்க்கத்தக்கது எது என்று ஆராய்வார் சிலரே. உடலைப் பெரிதாக அறுக்காமல், கதிர்ப்படத்தின் துணைகொண்டு ஊசித் துளை வழியே செய்யப்படும் புதிய சிகிச்சை முறைகள் பரவிவரும் இக்காலத்தில் இந்த ஆராய்ச்சி மிகவும் வேண்டப்படுவதாகும்.

மும்பை மாநகரின் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இன்று மகேஸ்வரி உத்யான் என்று பெயர் பெற்றுள்ள வட்டப் பூங்காவைச் சூழ்ந்த இப்பகுதியிலும், அதனைச் சேர்ந்த மாதுங்காவிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1932-இல் நிறுவப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்கள் முயற்சியின் அடையாளமாக விளங்குகிறது. வடக்கே, தாராவியின் விளிம்பில், சயான் ஆஸ்பத்திரி என்று மக்கள் வழங்கும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை உள்ளது. தெற்கே பரேலில், 1926-இல் தொடங்கிய கே. ஈ. எம். மருத்துவமனையும், 1941-இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையும் உள்ளன. இவற்றினிடையே அறக்கட்டளை மருத்துவமனைகளும் தனியார் மருத்துவ விடுதிகளும் பலவுண்டு. ஆகவே ஒரே சிகிச்சைக்குச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று நான்கு விதமான கட்டணங்கள் நிலவுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் விளங்காத குடும்பத்தினர், ஒன்று மலிவானது தரமற்றது என்று அஞ்சுகின்றனர். அல்லது விலையுயர்ந்தது முழுதும் கொள்ளை என்று வெறுக்கின்றனர். இரண்டும் அவசர முடிவுகளே.

சிகிச்சையின் இயல்பு

1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். அன்று முதல் மனித உடலை அறுக்காமலே அதன் உட்புறத்தைக் காணும் ஆற்றல் மருத்துவர்களுக்குக் கிட்டியது. 1929-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் போர்ஸ்மன் தம் கையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயொன்றைத் தம் இருதயம் வரை செலுத்தி, அதனை எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டினார். 1953-இல் ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர், ஊசியையும் மெல்லிய கம்பியையும் கொண்டு இரத்தக் குழாய்க்குள் பாதுகாப்பாக நுழையும் முறையை வெளியிட்டார். 1964 ஜனவரி 16-ஆம் நாள் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் என்பவர், காலை வெட்டியெடுக்க இசையாத ஒரு மூதாட்டியின் அடைபட்ட இரத்தக் குழாயைச் சிறு துளை வழியே விரித்துக் காலைக் காப்பாற்றினார். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் இருதயக் குழாயைச் சிறு பலூனால் விரித்தார்.

இன்று இம்முறை இருதயத்தோடு நின்றுவிடவில்லை. ஈரலில் கட்டியுள்ள சீழை ஒலியலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியால் வடித்தல், அடைபட்ட பித்தக் குழாயைத் திறத்தல், கருப்பைக் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுத்தல், மூளைக் குழாயில் சிக்கிய இரத்தக் கட்டியை வெளியே இழுத்தல் முதலியன யாவும் இவ்வகையின. இவற்றுள் சிலவற்றுக்கு ஒலியலைக் கருவியும் ஓர் ஊசியும் போதும். சிலவற்றுக்குக் கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள தனி அறை வேண்டும். "துளைச் சிகிச்சை" என்ற ஒரே பெயர் இருப்பதால் எல்லாவற்றின் செலவும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

செலவின் பகுதிகள்

இச்சிகிச்சையின் செலவை நான்கு கூறுகளாகப் பிரித்தல் நலம். முதலாவது, நிலைச் செலவு. "கேத் லேப்" என்று ஊழியர்கள் வழங்கும் அறையும், அதிலுள்ள கதிர்ப்பட யந்திரமும், அதன் பராமரிப்பும், அறைக்கென அமர்த்தப்பட்டோரின் ஊதியமும் இதில் அடங்கும். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் இச்செலவு ஆகியே தீரும்.

இதனைக் கற்பனைக் கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு யந்திரத்தின் விலை 4 கோடி ரூபாய், அதன் ஆயுள் 10 ஆண்டுகள் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 40 இலட்சம் ரூபாய் தேய்மானம். பராமரிப்பு, ஊதியம், மின்சாரம் முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 50 இலட்சம் என்று கொள்வோம். மொத்தம் 90 இலட்சம். ஆண்டில் 300 வேலை நாட்கள் எனின், நாளொன்றுக்கு 30,000 ரூபாய். ஒரு நாளில் ஒரே நோயாளிக்குச் சிகிச்சை நடந்தால், அவர் பங்கு 30,000 ரூபாய். ஆறு பேருக்கு நடந்தால், ஒவ்வொருவர் பங்கும் 5,000 ரூபாயே. யந்திரமும் மருத்துவரும் மாறவில்லை. செலவு மட்டும் ஆறில் ஒன்றாகிவிட்டது. இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே எனினும், அவை காட்டும் உண்மை எங்கும் பொருந்தும். யந்திரத்தின் விலையைவிட, அது எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்பதே நிலைச் செலவை நிர்ணயிக்கிறது.

இரண்டாவது, பொருட்செலவு. நுண்குழாய், வழிகாட்டும் கம்பி, பலூன், ஸ்டென்ட், இரத்தக் குழாய்கள் படத்தில் தெரியும்படி ஏற்றப்படும் அயோடின் மருந்து ஆகியவை இதில் சேரும். இவற்றுட் பல ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்டவை. திறந்து செய்யும் அறுவையில் கத்தியும் இடுக்கியும் கொதிநீராவியில் தூய்மை செய்யப்பட்டு மீண்டும் பயன்படும். துளைச் சிகிச்சையிலோ ஒவ்வொரு நோயாளியோடும் பொருள்கள் தீர்ந்துபோகின்றன. காயம் சிறிதாயிருந்தும் கட்டணம் பெரிதாயிருப்பதற்கு இது முக்கிய காரணம்.

மூன்றாவது, திறமைக்குரிய ஊதியம். திரையில் நிழலுருவைப் பார்த்துக்கொண்டு, கண்ணுக்கு நேரே தெரியாத குழாயில் கம்பியை நடத்துவது நீண்ட பயிற்சியால் வருவது. நான்காவது, பாதுகாப்புச் செலவு. கதிர்வீச்சைப் பயன்படுத்தும் இத்தகைய நிலையங்கள், 1983-இல் அமைக்கப்பட்டதும், செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் தலைமையகம் கொண்டதுமான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெறவேண்டும். ஈய அங்கியும், ஊழியர் ஏற்கும் கதிரளவைக் காட்டும் அடையாள வில்லையும் ஆடம்பரங்கள் அல்ல. செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் கைவைக்கக் கூடாத பகுதி இதுவேயாகும்.

விலை வரம்பும் அதன் எல்லையும்

பொருட்செலவில் சர்க்கார் தலையிட்டதன் சிறந்த எடுத்துக்காட்டு இருதய ஸ்டென்ட் ஆகும். ஸ்டென்ட் 2016-இல் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆலையை விட்டு வரும் விலைக்கும் நோயாளி கொடுக்கும் விலைக்கும் இடையே இலாப விகிதம் சில நேர்வுகளில் 654 சதவீதம் வரை சென்றதாகத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வெளியிட்ட விவரங்கள் காட்டின. 2017 பிப்ரவரியில் ஆணையம் உச்ச விலையை விதித்தது. மருந்து பூசாத உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய். மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். 2018 பிப்ரவரியில் இவை முறையே 7,660 ரூபாயாகவும் 27,890 ரூபாயாகவும் திருத்தப்பட்டன. அதன்பின்னும் வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. அதற்குமுன் மருந்து பூசிய ஸ்டென்டின் அச்சிட்ட விலை இலட்சம் ரூபாயைத் தாண்டுவது வழக்கமாயிருந்தது என்பதை நினைத்தால், இந்நடவடிக்கையின் பயன் விளங்கும்.

இதனை எதிர்த்தோர் கூற்றையும் கேட்டல் முறை. விலை குறைந்தால் புதிய வகைகள் இந்நாட்டிற்கு வாரா என்று அவர்கள் கூறினர். சில உற்பத்தியாளர்கள் தம் உயர்வகை ஸ்டென்டுகளைத் திரும்பப் பெற 2017-இல் அனுமதியும் கோரினர். இவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் வாங்க முடியாத புதுமை ஏழைக்குப் புதுமையாகாது. உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு பொருளின் விலையை மட்டும் கட்டினால், சுமை மற்றப் பொருள்களின் மீதும் அறைக் கட்டணத்தின் மீதும் நகர்ந்து செல்ல இடமுண்டு. தலைநகர்ப் பகுதியிலுள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் கட்டணச் சீட்டுகளை ஆராய்ந்து 2018-இல் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, சில பொருள்களின் மீது 1,737 சதவீதம் வரை இலாபம் வைக்கப்பட்டதைக் காட்டியது. நீர்ப்பானையில் ஓர் ஓட்டையை அடைத்தால் மற்ற ஓட்டைகள் அடைபட்டுவிடுவதில்லை.

ஆகவே 2017 ஆணையில் விலை வரம்பைவிட நீடித்த பயனுடையது மற்றொரு விதி எனலாம். ஸ்டென்டின் விலையைத் தனியாகவும், அதன் வணிகப் பெயர், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், தொகுதி எண் ஆகியவற்றோடும் மருத்துவமனை தன் சீட்டில் குறிப்பிடவேண்டும் என்பதே அவ்விதி. இவ்வாறே பலூன், நுண்குழாய், கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். பிரித்துக் காட்டப்படும் கணக்கையே சரிபார்க்க முடியும். "இதர பொருள்கள்" என்ற ஒற்றை வரியைச் சரிபார்க்க ஒருவராலும் இயலாது.

சீட்டில் இடம்பெறாத செலவு

மருத்துவமனையின் சீட்டு முழுக் கணக்கன்று. தாராவியில் தோல் பட்டறையிலோ இட்லி வியாபாரத்திலோ ஈடுபட்டுள்ள தொழிலாளிக்கு, படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் கூலி இழந்த நாளாகும். நாட்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திறந்து செய்யும் அறுவைக்குப் பின் ஆறு வாரம், வாரத்திற்கு ஆறு நாட்களாக, 36 நாட்கள் வேலைக்குச் செல்ல இயலாவிடில் இழப்பு 21,600 ரூபாய். துளைச் சிகிச்சைக்குப் பின் ஒரே வாரத்தில் மருத்துவர் அனுமதித்தால் இழப்பு 3,600 ரூபாய். வேறுபாடு 18,000 ரூபாய். உடனிருந்து பார்த்துக்கொள்ளும் உறவினரின் கூலியும் வண்டிச் சத்தமும் இதற்கு மேலானவை. கட்டணம் கூடுதலாயினும் துளைச் சிகிச்சையே மலிவாக முடியும் நேர்வுகள் இவ்வாறு உண்டு.

ஆனால் இக்கணக்கும் ஒருபக்கமாக நின்றுவிடக் கூடாது. துளைச் சிகிச்சைக்குப் பின் தொடரும் செலவுகளையும் சேர்க்கவேண்டும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இரத்தம் உறையாதிருக்கும் மருந்துகளைப் பல மாதங்கள், சில மருந்துகளை வாழ்நாள் முழுவதும், உட்கொள்ள வேண்டும். செலவென்று கருதி மருந்தை நடுவில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். சில சிகிச்சைகளை மீண்டும் செய்ய நேரிடுவதும் உண்டு. கருப்பைக் கட்டிகளுக்குத் துளைச் சிகிச்சையையும் அறுவையையும் ஒப்பிட்டு 157 பெண்களிடம் பிரிட்டனில் நடத்திய ரெஸ்ட் என்னும் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2011-இல் வெளியாயிற்று. துளைச் சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டது. அறுவை செய்துகொண்டவர்களில் 4 சதவீதத்தினருக்கே தேவைப்பட்டது. முதலாண்டில் துளைச் சிகிச்சையில் தோன்றிய சிக்கனம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எனினும் கருப்பையை இழக்க விரும்பாத பெண்ணுக்கு அச்சிகிச்சையின் மதிப்பு ரூபாயில் அடங்குவதன்று. செலவு சமமாயிருக்கும்போது நோயாளியின் விருப்பமே தீர்ப்பளிக்க வேண்டும்.

தேவையற்றதே மிகுந்த செலவுடையது

நிலைச் செலவைப் பற்றிக் கூறியதில் ஓர் அபாயமும் மறைந்துள்ளது. அறை வெறுமையாயிருந்தால் நட்டம் என்னும் நிலை, தேவையில்லாதவருக்கும் சிகிச்சை செய்யத் தூண்டக்கூடும். 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வும், 5,179 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட இஸ்கீமியா ஆய்வும் ஒரு முக்கிய உண்மையைப் புலப்படுத்தின. உடனடி அபாயமின்றி நிலையாக உள்ள இருதய நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு, நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும் வைப்பதால் மரணம் குறைவதாகத் தெரியவில்லை. நெஞ்சுவலி குறைதல் என்ற பயன் மட்டும் பலருக்கு உண்டு. ஆகவே இத்தகையோர் மருந்தை முதலில் முயன்று பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. தேவையற்ற சிகிச்சை எவ்வளவு மலிவாகச் செய்யப்பட்டாலும் அது விலையுயர்ந்ததே.

மாரடைப்பு நேர்ந்தவரின் நிலையோ முற்றிலும் வேறு. அங்குக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் இழப்பு. மூளைக் குழாய் அடைப்புக்கும் இதுவே பொருந்தும். அப்போது விலை விசாரித்துக்கொண்டு ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அலைவது அறிவீனம். தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய நிலையங்களோடு இணைத்து, முதலில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் பின்னர்த் துளைச் சிகிச்சையும் கிடைக்கச் செய்த திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. 2,420 நோயாளிகளை உட்கொண்ட அவ்வாய்வில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஒவ்வோர் ஊரிலும் விலையுயர்ந்த அறை கட்டாமலே இப்பயன் கிட்டியது.

இதனின்று பெறப்படும் கொள்கை யாதெனில், அவசரச் சிகிச்சைக்கு வேண்டிய அறைகள் முழுதும் பயன்படாவிடினும் மக்களுக்கு அருகில் இருக்கவேண்டும். நாள் குறித்துச் செய்யத்தக்க சிகிச்சைகளோ சில நிலையங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு, அங்குள்ள யந்திரங்கள் நாள்தோறும் முழுதும் உழைக்கவேண்டும். யந்திரம் வாங்குவதைப் பெருமையாகக் கருதாமல், அதனைப் பயன்படுத்துவதைப் பெருமையாகக் கருதும் மனப்பான்மை வளரவேண்டும்.

உள்ள உதவிகள்

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாயிருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. இது முன்னேற்றமே. ஆயினும் உதவி உள்ளதென்று அறியாதவருக்கு உதவி இல்லாததே போலாகும்.

மகாராஷ்டிரத்தில் 2012-இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் 2017 முதல் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டம் என வழங்குகிறது. 2018 செப்டம்பரில் தொடங்கிய மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வகை செய்கிறது. 2024 முதல் 70 வயது நிரம்பியோர் யாவரும் இதில் சேரலாம். இங்குத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வயிற்றுப்பாடு தாராவியில், குடும்ப அட்டை திருநெல்வேலியில் என்னும் நிலை இன்றும் பலருக்கு உள்ளது. மகாராஷ்டிரத் திட்டத்திற்கு அம்மாநில ஆவணம் தேவை. ஆயுஷ்மான் அட்டையோ மாநில எல்லை கடந்து, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் செல்லும். நோய் வந்தபின் ஆவணம் தேடுவதைவிட, நலமாயிருக்கும்போதே ஆவணத்தைச் சீர்செய்துகொள்வது அறிவுடைமை.

மேலும், 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மும்பை உயர்நீதிமன்றம் 2006-இல் ஏற்ற திட்டப்படி, அறக்கட்டளை மருத்துவமனைகள் தம் படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியோர்க்கு இலவசமாகவும், மேலும் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினர்க்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கவேண்டும். இவ்வுரிமையைப் பளிங்குத் தரையையும் கண்ணாடிக் கதவையும் கண்டு அஞ்சித் திரும்புவோர் இழந்துவிடுகின்றனர். மாநகராட்சி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவாயினும், வெளியிலிருந்து வாங்கிவரச் சொல்லும் பொருள்களுக்குப் பணம் தேவைப்படலாம்; அங்குள்ள சமூகப் பணியாளரை முதலிலேயே அணுகினால் அறநிதிகளின் உதவிக்கு வழி காட்டுவார்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

நோயுற்றவரின் வீட்டார் துயரத்தில் இருக்கும்போது கணக்குப் பார்க்கும் மனநிலையில் இரார். ஆதலின் இவ்வறிவு முன்கூட்டியே பரவவேண்டும். களப்பணியாளர் தாம் செல்லும் வீடுகளில் ஐந்து கேள்விகளைக் கற்பிக்கலாம். இச்சிகிச்சை உடனே தேவையா, மருந்தால் காத்திருக்கலாமா? கூறப்படும் தொகையில் பொருள்களின் விலை சேர்ந்ததா, சேராததா? எந்தெந்தப் பொருள், எத்தனை? பின்னர் எவ்வளவு காலம் மருந்து உண்ணவேண்டும், மீண்டும் சிகிச்சை தேவைப்படக்கூடுமா? எந்தத் திட்டத்தில் இடமுண்டு? இவற்றைப் பணிவோடு கேட்பதால் மருத்துவருக்கு அவமதிப்பு நேர்வதில்லை. மகாராஷ்டிரத்தில் மருத்துவ விடுதிகளின் விதிகள் 2021-இல் திருத்தப்பட்டு, கட்டண விவரத்தையும் நோயாளியின் உரிமைப் பட்டியலையும் யாவரும் காண வைக்கவேண்டும் என்று கூறுகின்றன. நெஞ்சுவலியோ, கைகால் திடீரென்று விழுதலோ, வாய் கோணுதலோ கண்டால் இக்கேள்விகளுள் ஒன்றையும் கேட்டு நிற்காமல் உடனே மருத்துவமனை சேர்க்கவேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

ஆசிரியர்களோ வகுத்தல் கணக்குக்கு மிட்டாயையும் மாம்பழத்தையும் எடுத்துக்கொள்வதோடு, ஒரு யந்திரத்தின் செலவை ஒரு நோயாளிக்கும் ஆறு நோயாளிகளுக்கும் பகிரும் கணக்கையும் கொடுக்கலாம். அக்கணக்கைப் போட்ட மாணவன், நாளை தன் தந்தையின் சீட்டைக் கையில் வாங்கும்போது அடியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துத் திகைக்கமாட்டான். ஒவ்வொரு வரியாகப் படிப்பான். எழுதியவர் காரணம் சொல்லவேண்டிய நிலை அப்போதுதான் பிறக்கும். கட்டணம் நியாயத்தை நெருங்குவதற்கு அதுவே முதற்படி.